காணாமல் போன கழிப்பறையும் என் விசாரணை அறிக்கையும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேர் கையிலும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களே, ஓய்வு பெற்றவள் என்றாலும் அதை நானும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். 'சிவிலியன் விசாரணையாளர்: பணிகளும் தகுதிகளும்' என்று தலைப்பு. பட்டப்படிப்பு வேண்டும். வண்டி ஓட்ட உரிமம் வேண்டும். தெலுங்கும் இந்தியும் பேசத் தெரிய வேண்டும். கட்டட வரைபடத்தைப் பார்த்தால் தலைகால் புரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியாக, 'கூர்ந்து கவனிக்கும் இயல்பு விரும்பத்தக்கது' என்று போட்டிருக்கிறார்கள். கட்டாயம் இல்லையாம். இருந்தால் நல்லதாம்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு வரி எழுத வேண்டிய நிலைமைக்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. அந்த நாளில் என் அடுத்த சீட்டில் இருந்தவர் சொன்னால் கூடவே இரண்டு பொய்யும் சேர்த்துச் சொல்வார்.

நம் வேலை என்னவென்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நகரத்தில் மாநகராட்சிக்காரர்கள் சாலை, சாக்கடை, பூங்கா, சமுதாயக் கூடம் என்று எதையாவது கட்டுவார்கள். அதைப் பற்றி யாராவது புகார் எழுதுவார்கள். நாம் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். நம் பிரிவில் போலீஸிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மீசை, காக்கி, ஜீப். நமக்கு ஒரு தோல்பை, ஒரு அளவு டேப், ஒரு அடையாள அட்டை. அந்த அட்டையில் என் படம் எனக்கே அடையாளம் தெரியாது.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தேர்வு எழுதி, படிப்படியாக விசாரணையாளர் ஆனவள். சாக்கடை மூடியின் கனத்தில் அரை அங்குலம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் என்னைக் 'கழுகு மேடம்' என்று சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் காதில் விழுகிற தூரத்தில் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான். கழுகு என்ற பெயர் வந்தபிறகு நான் கொஞ்சம் உயரத்திலேயே பறக்க ஆரம்பித்துவிட்டேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஒரு மே மாதம், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் ஒரு புகார் வந்தது. தெலுங்கில், குண்டு குண்டான எழுத்தில் நாலே வரி. மாரெட்பள்ளியில் ஒரு காலனிப் பூங்கா. அந்தப் பக்கத்துத் தெருக்களைப் பெருக்குகிற பெண்களுக்காக அந்தப் பூங்காவின் மூலையில் கழிப்பறை கட்டிவிட்டதாக ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கழிப்பறை இல்லை. அது எங்கே என்று கண்டுபிடித்துக் கொடுக்கவும். கீழே நர்சம்மா என்று கையெழுத்து. பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண்களின் கைநாட்டுகள்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். வேலை முடிந்தது என்று உதவிப் பொறியாளர் இம்தியாஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். கட்டி முடித்த கட்டடத்தின் போட்டோவும் இருந்தது. ஆனால் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அது ஒரு கறுப்புப் பெட்டி மாதிரி ஆகியிருந்தது. கழிப்பறை என்றாலும் நம்பலாம், ரயில் பெட்டி என்றாலும் நம்பலாம். எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. கட்டாமலே கட்டியதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேரும்போது உச்சி வெயில். பூங்காவில் ஒரு ஈ காக்கை இல்லை. வரைபடத்தில் காட்டியிருந்த வடகிழக்கு மூலைக்குப் போனேன். அங்கே கழிப்பறை இல்லை. காலனி நலச் சங்கத்தின் அலுவலகம் இருந்தது. அழகான சின்னக் கட்டடம். வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் எழுதிய நீலப் பலகை. அந்த இடத்தில் ஏற்கெனவே சங்க அலுவலகம் இருக்கும்போது இம்தியாஸ் எங்கே கழிப்பறை கட்டியிருப்பார், ஆகாயத்திலா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

சங்கத் தலைவர் வைத்தியநாதன் எழுபது வயதை நெருங்குபவர். ராமச்சந்திராபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலையில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசிய இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு, தமிழா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, வாங்கோ வாங்கோ. எந்த ஊரும்மா?"

"பாளையங்கோட்டை சார். தாத்தா காலத்துலயே செகந்திராபாத் வந்தாச்சு."

"அதான் பாத்தேன், பேச்சுல அந்த வாடை அடிக்கறது. இந்த ஊர்ல ஆபீஸ்காரா கிட்டத் தமிழ்ல பேசி எத்தனை நாளாச்சு! முதல்ல உள்ள வந்து உக்காருங்கோ. வெயில்ல மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு."

உள்ளே போனதும் ஐஸ்பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுவரில் தோள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். ஜன்னல்கள் எல்லாம் மேலே, கூரைக்குப் பக்கத்தில், குட்டிக் குட்டியாக. பின்சுவரை ஒட்டி நீளத்துக்கும் ஒரு மேடை, ஒரு படி உயரத்தில். அதில் சிவப்புக் கம்பளம் விரித்து, தலைவரின் நாற்காலியும் மேசையும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ. தலைவர் மட்டும் ஒரு படி மேலே உட்கார்ந்திருக்க, நாங்கள் கீழே உட்கார்ந்தோம். பதவிக்குரிய மரியாதை என்று நினைத்தேன்.

"டைல்ஸ் போட்டது ரொம்ப இதமா இருக்கு சார்" என்று நான்தான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

"அலம்பி விடறதுக்கு சௌகரியம்மா" என்றார் அவர்.

எதிர்வீடுதான் அவருடையது. அங்கிருந்து டபரா செட்டில் காபி வந்தது. நுரை பொங்கிய காபி. எழுதும்போது என் பென்சில் கீழே விழுந்து, தானாகவே உருண்டு ஒரு மூலைக்குப் போய் நின்றது. எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி அதே மூலைக்குப் போய் நின்றது. செயலாளர் எடுத்துக் கொடுத்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

கழிப்பறை பற்றிக் கேட்டேன். வைத்தியநாதன் இரண்டு கையையும் விரித்தார்.

"நம்ம காலனியில அந்த மாதிரி எதுவும் கிடையாதும்மா. நீங்களே பாக்கறேளே. கண்ணால பாத்ததை எழுதிக்கோங்கோ."

கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டேன். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விதிப்படி, வாக்குமூலம் எடுத்த இடத்தில் எல்லோரையும் வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். நானும் அதில் இருக்க வேண்டும் என்று வைத்தியநாதன் வற்புறுத்தினார். கல்யாணப் படம் மாதிரி இருக்கட்டும் என்று செயலாளர் தமாஷ் பண்ணினார். எல்லோரும் சிரித்த முகமாக நின்றோம்.

நர்சம்மாவைப் பார்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். துப்புரவுப் பெண்கள் பதினோரு மணிக்கே வேலை முடித்துப் போய்விடுவார்கள் என்றார்கள். புகார்தான் காகிதத்தில் இருக்கிறதே, அவள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே அறிக்கை கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஒரு அறிக்கை எழுதியதில்லை. 'மேற்படி கழிப்பறை களத்தில் எங்கும் தென்படவில்லை. அதற்கான சுவரோ, குழாயோ, வேறு எவ்வித அறிகுறியோ இல்லை.' கூடவே, யாரும் கேட்காத ஒரு வரி: 'குறிப்பிட்ட மூலையில் அமைந்துள்ள நலச் சங்க அலுவலகம் முன்மாதிரியாகப் பராமரிக்கப்படுகிறது.'

எங்கள் கூடுதல் ஆணையர் அறிக்கையைப் படித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் பாராட்டினார். இம்தியாஸுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சஸ்பெண்ட் செய்வதாக உத்தரவு வரைவும் தயாராகிவிட்டது. அவருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வரவேண்டியது என்று யாரோ சொன்னார்கள். கட்டாத கழிப்பறைக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன பதவி உயர்வு என்று நானும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் இம்தியாஸ் என் மேசை முன்னால் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். தூங்காத கண். இந்த ஊர் இந்தியில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், நோட்டீஸோட உங்க அறிக்கை காப்பியும் வந்துச்சு. ஒரே ஒரு விஷயம் கேக்கலாமா?"

"சொல்லணும்னு இருக்கிறதை எழுத்துல சொல்லுங்க."

"எழுத முடியாது மேடம். எழுதினா நான் உங்களைக் கேலி பண்றேன்னு நெனைப்பாங்க." கையிலிருந்த போட்டோவை மேசைமேல் வைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்த முகமாக நின்ற போட்டோ. "இது நீங்க எடுத்ததுதானே?"

"ஆமா. வாக்குமூலம் எடுத்த இடம்."

"ஹவ், ஆமாம் மேடம். அந்த இடம்தான் கழிப்பறை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன விளையாடறீங்களா? அது சங்க ஆபீஸ்."

"நக்கோ, வேண்டாம் மேடம், கோவப்படாதீங்க. இங்க பாருங்க." அவர் சுண்டு விரலால் போட்டோவைத் தொட்டார். "பிரெசிடென்ட் சாப் நாற்காலி போட்டிருக்கிற மேடை. அது என்ன மேடைன்னு நெனைச்சீங்க? இந்தியன் டைப் கோப்பை பதிக்கிறதுக்கு நான் எழுப்பின மேடை. மேல பலகை போட்டு, கம்பளம் விரிச்சிருக்காங்க. நடுவுல தடுப்புச் சுவர் இருந்துச்சு, இடிச்சிட்டாங்க. காலண்டர் மாட்டியிருக்கில்ல, அது ஆணி இல்லை மேடம். குழாய்."

நான் போட்டோவைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலண்டருக்கு மேலே குழாயின் திருகு, பூ மாதிரி பளபளவென்று தெரிந்தது.

"இருந்தாலும்..." என்று இழுத்தேன்.

"தரையில ஏதாவது விழுந்து உருண்டுச்சா மேடம்? தண்ணி நிக்கக் கூடாதுன்னு மூலையைப் பாத்து வாட்டம் கொடுத்திருந்தேன். மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொல்லிச் செஞ்சது."

பென்சில் ஞாபகம் வந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை உருண்ட பென்சில். அதை எடுத்துக் கொடுத்தவருக்கு நான் சொன்ன நன்றி. கூரைக்குப் பக்கத்தில் குட்டி ஜன்னல்கள். தோள் உயரத்துக்கு டைல்ஸ். 'அலம்பி விடறதுக்கு சௌகரியம்.' கழிப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று அரைமணி நேரம் விசாரித்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினேன்.

"சாவியை அவங்ககிட்ட யார் கொடுத்தது?" என்று கேட்டேன். எப்படியாவது அவரிடமும் ஒரு குற்றம் கண்டுபிடித்தால் தேவலை என்றிருந்தது.

இம்தியாஸ் தலையைக் குனிந்தார். "நான்தான் மேடம். கட்டி முடிச்சதும் பொறுப்புக்கு ஆள் போடலை. நாங்க பாத்துக்கறோம், பூட்டி வெச்சிருக்கோம்னு பிரெசிடென்ட் சாப் கேட்டார். கொடுத்தேன்."

"எழுதி வாங்கிக்கிட்டீங்களா?"

"இல்லை மேடம்."

"ஏன்?"

போட்டோவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார், "காபி கொடுத்தார் மேடம்."

கூடுதல் ஆணையரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்மேல் மதிப்புள்ளவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஸ்டெல்லா, இதுல பெரிய பிரச்சினை ஒண்ணும் இல்லை. 'தொடர் ஆய்வில், கழிப்பறை தற்போது கண்டறியப்பட்டது'ன்னு ஒரு துணை அறிக்கை கொடு. இம்தியாஸ் தாமதமா முடிச்சான்னு ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம். உன் பேரும் கெடாது."

வெளியே வந்து அந்தத் துணை அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி எழுதியும்விட்டேன். 'தற்போது கண்டறியப்பட்டது' என்ற சொற்களில்தான் பேனா நின்றது. அப்படி எழுதினால் கழிப்பறை நான் போனபோது இல்லை, இப்போது முளைத்திருக்கிறது என்று அர்த்தம். இம்தியாஸ் தலைமேல் செய்யாத குற்றம் ஒன்று, சின்னதாகவாவது, அவர் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கும். அவர் செய்த உண்மையான தப்பு, எழுதி வாங்காமல் சாவி கொடுத்தது, அது எங்கும் வராது. நான் செய்தது சுத்தமாக வராது. இதெல்லாம் யோசித்தபிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. புகார் கொடுத்தவளை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாரெட்பள்ளியில் இருந்தேன். நர்சம்மா பூங்காவுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், நல்ல உயரம். நான் யார் என்று சொன்னதும் விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசியது தெலுங்கில்.

"அன்னிக்கு மத்தியானம் வந்து காபி குடிச்சிட்டுப் போன மேடம் நீங்கதானா?"

"நான்தான்."

"எதிர்வீட்டுல வேலை செய்யற பொண்ணு சொல்லுச்சு. டம்ளர் கழுவினது அவதான்."

எனக்கு அதற்குமேல் கௌரவம் பார்க்க எதுவும் மிச்சமில்லை. "நர்சம்மா, கழிப்பறை எங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு எழுதினே? அதுல அந்த சார் உக்காந்திருக்கார்னு எழுதியிருக்கலாமே?"

அவள் சிரித்தாள். "எழுதினா மறுநாளே எனக்கு வேற ஏரியா போட்டுடுவாங்க. பஸ் மாறிப் போகணும். அதான் காகிதத்துல இருக்கு, எங்ககிட்ட இல்லைன்னு எழுதினேன். ரெண்டும் நெஜம். யாராவது வந்து என்கிட்டக் கேட்டா வாயால சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கலை."

அவர்களுக்குக் காலை ஐந்திலிருந்து பதினொன்றுவரை வேலை. அவசரம் என்றால் பெரிய ரோட்டில் இருக்கும் ஹோட்டலுக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். அதனால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. அந்த மே மாதத்தில் அவர்களில் ஒருத்தி, லட்சுமி என்று பெயர், தெருவிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். மருத்துவமனையில் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் நர்சம்மா மகளின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்திருக்கிறாள். இதை அவள் சிரிக்காமல் சொன்னாள். நானும் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

ஆபீஸுக்குப் போனதும் அந்தப் பாதி அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதினேன். முதல் வாக்கியம் எழுதத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று: 'எனது முந்தைய விசாரணை, மேற்படி கழிப்பறையின் உள்ளே அமர்ந்தே நடத்தப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கூடுதல் ஆணையர் அதைப் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பழைய அறிக்கையை எடுத்தார். "முன்மாதிரியாகப் பராமரிக்கப்படுகிறது" என்று சத்தமாக வாசித்தார். அதோடு அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெளியே இருந்த பியூன் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீரோடு ஓடி வந்தான்.

சிரித்து முடித்தபிறகு சொன்னார், "இதைக் கோப்புல சேத்தா உனக்கு மெமோ வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. கூட்டு ஆய்வு வைக்கலாம். நானும் வரேன். எனக்கும் அந்தக் காபி வேணும்."

கூட்டு ஆய்வு அன்று காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் எல்லோரும் கூடினோம். கூடுதல் ஆணையர், நான், இம்தியாஸ், சங்கத்தார் மூன்று பேர். நர்சம்மா வாசலுக்கு வெளியே நின்றாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பொருளாளர் முகம் சுளித்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு நன்றாகவே சாய்ந்து உட்கார்ந்தாள்.

இம்தியாஸ் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். செடிகளைப் பார்த்துவிட்டு வருகிறாராம்.

வைத்தியநாதன் மேடைமேல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தயார் செய்து வைத்திருந்த ஆங்கில அறிக்கையை வாசித்தார். பிறகு கூடுதல் ஆணையருக்காக இந்தியிலும், எனக்காகத் தமிழிலும் விளக்கினார்.

"இந்தக் கட்டடம் ஆரம்பத்துலேர்ந்தே சங்கத்துக்குன்னு ஏற்பட்டது. இங்க கழிப்பறைங்கற பேச்சே எந்தக் காலத்துலயும்..."

இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒரு இருமல் மாதிரி. பிறகு 'சொர்ர்ர்' என்று நீளமாக.

வைத்தியநாதன் குரலை உயர்த்தினார். "எந்தக் காலத்துலயும் வந்தது கிடையாது. இது முழுக்க முழுக்க..."

சொர்ர்ர்.

"அது பக்கத்து ஆத்து மோட்டார்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில்தான் தண்ணீர்க் குழாயின் வால்வு இருந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் தொட்டியே வைத்திருந்தார்கள். இம்தியாஸ் அதைத் திறந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு ஓரமாக நின்றார். பீரோவுக்குப் பின்னால் பிளஷ் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ காய்ந்து கிடந்ததால் அதன் மிதவை சிக்கியிருக்க வேண்டும். தொட்டி நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. பீரோவின் அடியிலிருந்து ஒரு சின்ன ஓடை கிளம்பி, சிவப்புக் கம்பளத்தை நனைத்து, மேடையிலிருந்து இறங்கி, செயலாளரின் செருப்பைச் சுற்றிக்கொண்டு, நேராக அந்த மூலைக்குப் போனது. செயலாளர் காலைத் தூக்கினார். பொருளாளர் காலைத் தூக்கினார். வைத்தியநாதன் மட்டும் அசையாமல், கையில் ஆங்கில அறிக்கையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார்.

நர்சம்மாதான் பேசினாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

"சார், உங்க ஆபீஸ்ல பிளஷ் நல்லா வேலை செய்யுது."

கூடுதல் ஆணையர் கர்ச்சீப்பைத் தேடினார்.

அன்றே பீரோ வெளியே போனது, மேசை போனது, நீலப் பலகை போனது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வைத்தியநாதன் என் பக்கம் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"நம்ம மனுஷின்னு நெனச்சேன். இப்படிப் பண்ணிட்டேளேம்மா."

"நம்ம மனுஷர்னு நெனச்சுத்தான் சார் முதல் தடவை தப்பு பண்ணினேன்."

அவர் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றை நேராக்கி வைத்தார். "ஃபாக்டரியில எனக்குத் தனி ரூம் இருந்தது. கதவுல பேர் போட்டிருக்கும். ரிட்டயர் ஆனப்புறம் ஆத்துல எங்க உக்காந்தாலும், கொஞ்சம் நகருங்கோ, பெருக்கணும்கறா. இங்க வந்து உக்காந்தா நாலு பேர் தலைவரேன்னு கூப்பிட்டா. அது இன்ன இடம்னு தெரியாமலா இருந்தது? தெரியும். பழகிப் போச்சு."

ஒரு தப்பைச் செய்தவரைப் பார்த்தால் பாவமாக இருக்கலாம், அதில் ஒன்றும் தவறில்லை. பாவமாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையில் ஒரு எழுத்தை மாற்றக் கூடாது, அவ்வளவுதான். நான் மாற்றவில்லை.

இம்தியாஸின் சஸ்பெண்ட் உத்தரவு கிழிக்கப்பட்டது. எழுதி வாங்காமல் சாவி கொடுத்ததற்கு எச்சரிக்கை வந்தது. அது நியாயம் என்று அவரே சொன்னார். பதவி உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது, ஆனால் வந்தது. எனக்கு மெமோ வந்தது. அதை நான் ஒளித்து வைக்கவில்லை. கழுகு மேடம் என்ற பெயர் அந்த வாரமே போய்விட்டது. அதன்பிறகு எங்கள் மாடியில் யார் ஆய்வுக்குக் கிளம்பினாலும், "உக்காரும்போது எதுமேல உக்காரறோம்னு பாத்துக்கோ" என்பார்கள். முதல் ஒரு வருஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

தடுப்புச் சுவர் மறுபடி எழும்பியது. கழிப்பறை திறந்தது. இந்தத் தடவை சாவி, எழுதி வாங்கிக்கொண்டு, நர்சம்மாவிடம் கொடுக்கப்பட்டது. அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளை முழுவதும் படித்தாள். இரண்டு பிழைகளைத் திருத்தச் சொன்னாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், என் மேசைக்கு ஒரு புகார் வந்தது. காலனி நலச் சங்கத்தின் கடிதத்தாள். அழகான ஆங்கிலம். பூங்காவில் பெண்களுக்குக் கழிப்பறை உள்ளது. தினமும் காலையில் நடக்க வரும் மூத்த ஆண் குடிமக்களுக்கு எதுவும் இல்லை. இந்த அநீதி குறித்து விசாரணை நடத்துக. கீழே முதல் கையெழுத்து வைத்தியநாதன். கடைசிக் கையெழுத்து, தெலுங்கில், குண்டு குண்டான எழுத்தில், நர்சம்மா.

அப்போது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தேன். அவள் பரபரப்பாகத் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மேடம், முதல்ல யாரைப் பாக்கணும்? எஞ்சினியரையா, வார்டு கார்ப்பரேட்டரையா?"

"புகார் கொடுத்தவரை. காலையில ஆறு மணிக்கு அந்தப் பூங்காவைச் சுத்தி நடந்துக்கிட்டிருப்பார். நேரத்தோட போயிடும்மா. எழுபது தாண்டியாச்சு, சர்க்கரை வேற இருக்கு. பாவம், அவரால ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது."